ட்சுகுபாவுக்கு விசிட்டிங் ரிசர்ச்சரா வந்திருக்கேன், இங்க இருக்குறவங்க கிட்ட சில சந்தேகம்

மின்வேதி_காரைக்குடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேட்டரி எலக்ட்ரோலைட் பக்கம் வேலை பாக்குறவன், சொந்த ஊர் காரைக்குடி. இப்ப ஜப்பான்ல ட்சுகுபால ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு விசிட்டிங் ரிசர்ச்சரா வந்திருக்கேன், வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வீட்டுக்காரங்களும் ஏழு வயசு பொண்ணும் சீக்கிரம் வர்றாங்க. அதுக்கு முன்னாடி பாத்ததை எல்லாம் எழுதிட்டு, கேக்க வேண்டியதையும் கேட்டுடலாம்னு இந்த இழை.

முதல்ல ஊரு. ஜப்பான்னா நெருக்கடியா இருக்கும்னு நினைச்சு வந்தவனுக்கு இங்க ரோடு அவ்ளோ அகலம், ரெண்டு பக்கமும் மரம், ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொண்ணும் ஒரு காட்டுக்குள்ள இருக்கு. 1963ல அரசாங்கம் முடிவெடுத்து டோக்கியோல இருந்த ஆராய்ச்சி நிலையங்களை எல்லாம் இங்க கொண்டு வந்து கட்டின ஊராம். 2005 வரைக்கும் நேரடி ரயிலே கிடையாது, இப்ப ட்சுகுபா எக்ஸ்பிரஸ்ல டோக்கியோவோட அகிஹாபரால இருந்து 45 நிமிஷம். அந்த ரயில் பத்தி லேப்ல ஒருத்தர் சொன்னது எனக்கு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, மோரியா ஸ்டேஷன் வரைக்கும் டிசி கரண்ட், அதுக்கப்புறம் ஏசிக்கு மாறுது, ஏன்னா பக்கத்துல ககியோகான்னு ஒரு இடத்துல பூமியோட காந்தப்புலத்தை அளக்குற நிலையம் இருக்கு, டிசி ரயில் ஓடினா தரைக்குள்ள கசியுற கரண்ட் அந்த அளவையைக் கெடுத்துடும். டோக்கியோல டிராம் வந்ததாலதான் அந்த நிலையமே 1913ல ககியோகாவுக்குப் போச்சாம். ஒரு அளவை தொடர்ந்து சரியா வரணும்னு ரெண்டு வகை கரண்ட்லயும் ஓடுற ரயிலை, கூடுதல் செலவுன்னாலும் பரவாயில்லைன்னு வாங்கி ஓட்டுறாங்க பாருங்க, அளவை எடுத்தே பொழைக்கிற எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா தெரியுது.

லேப்ல கேஸ் சிலிண்டர் ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு சங்கிலி கீழ ஒரு சங்கிலி, புத்தக அலமாரி சுவத்தோட போல்ட் போட்டிருக்கு, மேசைக்கு அடியில ஹெல்மெட். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துல இந்த ஊர் எப்படி ஆடிச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க, கருவி எல்லாம் நகந்து போச்சாம், சிலருக்கு வருஷக்கணக்கு வேலை பாழ். நான் வந்த பிறகு ஒரு ராத்திரி கட்டில் ஆடிச்சு, நான் எழுந்து உக்காந்துட்டேன், மறுநாள் லேப்ல யாருமே அதைப் பத்தி பேசல. இங்க நிலநடுக்கத்துக்கு சொல்ற அளவு 0ல இருந்து 7 வரைக்கும், 5ஐயும் 6ஐயும் ரெண்டு ரெண்டா பிரிச்சு மொத்தம் 10 படி. பூமிக்கு அடியில எவ்ளோ சக்தின்னு சொல்றதில்ல இது, நீங்க நிக்கிற இடம் எவ்ளோ ஆடிச்சுன்னு சொல்றது. அந்த வித்தியாசம் எனக்கு இங்க வந்துதான் உறைச்சுது.

மத்தபடி எல்லாம் எழுதினா நீளும். முனிசிபல் ஆபீஸ்ல 14 நாளுக்குள்ள விலாசம் பதியணும், போனேன், மொழிபெயர்க்குற டேப்லெட்டை வச்சு ஒரு அம்மா பொறுமையா எல்லாம் எழுதி வாங்கினாங்க, இன்சூரன்ஸும் அங்கயே முடிஞ்சுது. ஒண்ணாம் கிளாஸ் பசங்க மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டு பெரியவங்க துணை இல்லாம கூட்டமா நடந்து ஸ்கூல் போறாங்க, அதைப் பாக்கவே காலைல கொஞ்சம் முன்னாடி கிளம்புறேன். தெருவுல குப்பைத்தொட்டியே இல்ல, குப்பையும் இல்ல.

இப்ப கேள்விக்கு வர்றேன். எனக்கு கிடைச்ச வீடு ஆராய்ச்சியாளர் குடியிருப்பு இல்ல, ஊர் ஓரத்துல பழைய வீடுகளுக்கு நடுவுல ரெண்டு மாடி அபார்ட்மென்ட். எல்லாரும் குனிஞ்சு வணக்கம் சொல்றாங்க, வழி கேட்டா கூடவே நடந்து வந்து காட்டுறாங்க, ஆனா அந்த வணக்கத்தைத் தாண்டி ஒரு அடி உள்ள போக முடியல. பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியல. எல்லாம் தானா ஓடுது, என்னால யாருக்கும் எந்த தேவையும் இல்லங்குற மாதிரி இருக்கு. இங்க ரொம்ப நாள் இருந்தவங்க சொல்லுங்க, அக்கம்பக்கத்துல ஒரு ஆளா ஆகுறதுக்கு வழி உண்டா, இல்ல இது இப்படித்தானா? அப்புறம் வீட்டுக்காரங்க சைவம், முட்டை கூட சாப்பிட மாட்டாங்க, வெளிய என்ன நம்பி சாப்பிடலாம்? பொண்ணை சாதாரண ஜப்பான் ஸ்கூல்ல சேக்கலாமா? ஊர்ல இருந்து மிக்ஸி கொண்டு வரச் சொல்லவா வேணாமா? எல்லாத்தையும் ஒண்ணா கேக்குறேன், தெரிஞ்சதை மட்டும் சொன்னா கூட போதும்.

--------

தாமரைக்கண்மாய் எழுதியது:

வாங்க தம்பி. நான் ட்சுகுபால ரொம்ப வருஷமா இருக்கேன், மண் விஞ்ஞானம், போஸ்ட்டாக்கா வந்து இங்கயே தங்கிட்டேன். மத்த கேள்விக்கு மத்தவங்க சொல்லட்டும், அக்கம்பக்கம் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுல நீங்க எழுதின ஒரு வரி எனக்கு ரொம்ப பட்டுச்சு, எல்லாம் தானா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. இல்ல தம்பி, எதுவுமே தானா ஓடல. நீங்க லேபுக்குப் போன பிறகு, இல்ல எந்திரிக்கறதுக்கு முன்னாடி யாரோ பண்ணி வச்சிருக்காங்க, உங்க கண்ணுக்குப் படல, அவ்ளோதான்.

உங்க தெருமுனைல குப்பை வைக்கிற இடம் இருக்கும், காக்கா கிளறாம இருக்க பச்சையோ நீலமோ வலை போட்டு மூடியிருப்பாங்க. லாரி போன பிறகு அந்த வலையை மடிக்கிறது, தரையைக் கழுவுறது, தப்பா பிரிச்சு வச்ச பையை என்ன பண்றதுன்னு பாக்குறது இதெல்லாம் முனிசிபாலிட்டி ஆள் இல்ல. அந்த பகுதி வீடுகள் முறை வச்சு பண்றாங்க. இதுக்குன்னு ஒவ்வொரு பகுதியிலயும் ஒரு சங்கம், ஜிசிகாய்னு சொல்லுவாங்க, சில ஊர்ல சோனாய்காய். தெருவிளக்கு கெட்டுப் போனா சொல்றது, வாய்க்கால் ஓரம் புல் வெட்டுறது, ஊர் கோயில் திருவிழா, நிலநடுக்கம் வந்தா யார் வீட்டுல தனியா வயசானவங்க இருக்காங்கன்னு போய் பாக்குறது எல்லாம் அவங்க கணக்குல வரும். நோட்டீஸ் எல்லாம் ஒரு அட்டைல கோர்த்து வீடு வீடா சுத்த விடுவாங்க, படிச்சுட்டு முத்திரையோ கையெழுத்தோ போட்டு அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும், இந்த வாட்ஸ்அப் காலத்துலயும் அது சுத்திக்கிட்டுதான் இருக்கு. காலைல ஸ்கூல் பசங்க ரோடு தாண்டுற இடத்துல மஞ்சக்கொடி வச்சுக்கிட்டு நிக்கிறாங்களே தாத்தா பாட்டி, அவங்க சம்பளத்துக்கு நிக்கல. குழந்தைங்க தனியா நடந்து போறாங்கன்னு நீங்க பாத்தீங்க, ஆனா அந்த வழி முழுக்க யாராவது ஒருத்தர் கண்ணு இருந்துக்கிட்டே இருக்கு. சில வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பாருங்க, பயந்தா இந்த வீட்டுக்குள்ள ஓடி வரலாம்னு குழந்தைங்களுக்கு சொல்ற ஸ்டிக்கர் அது.

நம்ம சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்கு குடிமராமத்துன்னு ஒண்ணு இருந்துச்சே, வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டி எடுத்துட்டு வரணும், அதே ஏற்பாடுதான். எங்க தாத்தா காலத்துல நடந்ததை நான் இங்க வந்து நேர்ல பாத்தேன். அதனாலதான் சொல்றேன், வெளியாளா நின்னு பாத்தா இவங்க ஒதுங்கி இருக்குற மாதிரி தெரியும், வேலைல கூட நின்னா வேற மனுஷங்களா தெரிவாங்க.

வழி என்னன்னு கேட்டீங்க. அபார்ட்மென்ட்ல இருக்குற வெளிநாட்டுக்காரங்களை இவங்க பெரும்பாலும் கூப்பிட மாட்டாங்க, தொந்தரவா இருக்கும்னு நினைச்சு விட்டுடுவாங்க. வாடகைக்கு வீடு எடுத்துக் குடுத்த ஏஜென்ட் கிட்டயோ உங்க லேப் செக்ரெட்டரி கிட்டயோ இந்தப் பகுதி ஜிசிகாய் தலைவர் யாருன்னு கேளுங்க. போய் நான் இந்த வீட்டுல இருக்கேன், பொது சுத்தம் பண்ற நாள் எப்போன்னு மட்டும் கேளுங்க. சந்தா கட்டறதா வேணாமாங்குறது அப்புறம். இந்த ஊர் 1987ல நாலு சின்ன ஊரை சேத்து உருவான முனிசிபாலிட்டி, அதுக்கப்புறமும் சேத்தாங்க, பழைய கிராமத்து ஆளுங்களுக்கும் ஆராய்ச்சிக்காக வந்தவங்களுக்கும் நடுவுல ஒரு கோடு எப்பவும் இருந்துச்சு, ஜப்பான் விஞ்ஞானிங்களே அந்த கோட்டைத் தாண்டினது கம்மி. நீங்க ஊர் ஓரத்துல கிடைச்ச வீட்டை குறையா நினைக்காதீங்க, குடியிருப்புல இருந்தா இந்த வாய்ப்பே கிடையாது.

--------

பருத்தித்துறைக்காற்று எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் செண்டாயில இருக்கிறன், முந்தி ட்சுகுபாவிலயும் கொஞ்சக் காலம் இருந்தனான். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுறன்.

உங்கட மனிசி சைவம் எண்டால் முதல்ல தெரிஞ்சுகொள்ள வேண்டியது தாஷி. சூப், குழம்பு, நூடில்ஸ் தண்ணி, கீரைக்கு மேல ஊத்துற சாறு எல்லாத்துக்கும் அடியில அது நிக்கும். அது பெரும்பாலும் கத்ஸுவோபுஷி எண்டுற மீனைச் சீவி அவிச்சு எடுத்த தண்ணி. அந்த மீன் வேற ஒண்டும் இல்லை, எங்கட மாசிக் கருவாடு செய்யுற அதே சூரை மீன், இங்கயும் அவிச்சு புகை போட்டுக் காய வைக்கினம், பிறகு சிலதைப் பூஞ்சை பிடிக்க விட்டு இன்னும் இறுக்குவினம். சம்பலுக்கு மாசி இடிச்சுப் பழகின வீட்டுப் பிள்ளை நான், முதல் தரம் மூக்கில அந்த மணம் பட்டவுடன எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. ஆனா சைவக்காரருக்கு இதுதான் கண்ணில படாத சாமான். மரக்கறி உடோன், அதாவது மொத்தமான கோதுமை நூடில்ஸ், எண்டு கேட்டால் மேல மரக்கறி இருக்கும், தண்ணி மீன். கடைக்காரர் ஏமாத்தேல்லை, அவைக்கு அது மீன் எண்ட நினைப்பே இல்லை.

கடையில வாங்கேக்க ஒரு விசயம் கவனியுங்கோ. பைக்கற்றில அலர்ஜிப் பெட்டி எண்டு ஒண்டு போட்டிருப்பினம், முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு அதில கட்டாயம் வரும், ஆனா இந்த சூரை மீன் அந்தப் பட்டியலிலயே இல்லை. அதனால அந்தப் பெட்டியைப் பாத்திட்டு மீன் இல்லை எண்டு நினைக்கக் கூடாது, மூலப்பொருள் வரியை போன் கமராவால மொழிபெயர்த்து முழுக்க வாசிக்க வேணும். மிசோ எண்டுற புளிக்க வைச்ச சோயா விழுது வாங்கினால் தாஷி சேர்த்தது எண்டு ஒரு வகை, சேர்க்காதது எண்டு ஒரு வகை, சேர்க்காதது சரி. சோயா சோஸ் பிரச்சினை இல்லை, நூடில்ஸுக்கு எண்டு விக்கிற சோஸ் பிரச்சினை. கறி செய்யிற கட்டி விக்கும், பெட்டியில மரக்கறிப் படம் போட்டிருந்தாலும் அனேகமா மாட்டுக் கொழுப்போ பண்டிக் கொழுப்போ இருக்கும். பாண், அதுதான் நீங்கள் பிரெட் எண்டு சொல்லுறது, அதிலயும் சிலதில பண்டிக் கொழுப்பு.

வீட்டில சமைச்சால் ஒரு குறையும் இல்லை, இதை மனிசிக்குச் சொல்லுங்கோ. முள்ளங்கி, கத்தரி, வெண்டி, பூசணி, பாவக்காய் கோடையில, கீரை எல்லாம் நல்லாக் கிடைக்கும், வெண்டிக்காய்க்கு இங்கயும் ஒக்ரா எண்டுதான் பேர், சின்ன வலைப் பையில கொஞ்சமாப் போட்டு விக்கிறதுதான் கவலை. தயிர் இனிப்பில்லாதது 400 கிராம் டப்பாவில எங்கயும் இருக்கும். தோபு, அதாவது சோயாப் பால் கட்டி, எண்ணெயில பொரிச்சது வாங்கி சாம்பாருக்குள்ள போட்டுப் பாருங்கோ, அவ்வளவு பொருத்தம். ட்சுகுபாவில ஹலால் கடைகள் இருக்கு, பருப்பு, மாவு, மசாலா, நீட்டு அரிசி கிடைக்கும். வெளியில எண்டால் இந்தியா நேபாளம் ஆக்கள் நடத்துற கடை, அங்கயும் கேட்டுத்தான் சாப்பிட வேணும். கடற்பாசியில, காளானில எடுத்த தாஷி எண்டு ஒண்டு இருக்கு, பௌத்த கோயில் சாப்பாட்டில அதுதான், மீன் வாசமே இல்லை. அப்படி ஒரு கோயில் சாப்பாடு எங்கயாவது கிடைச்சால் குடும்பமாப் போங்கோ. ஜப்பான் சாப்பாட்டை உங்கட மனிசி கவலையில்லாமல் சாப்பிடக்கூடிய இடம் அது.

--------

ஆவாரம்பூ_அம்மா எழுதியது:

ஸ்கூல் பத்தி நான் சொல்றேன் சார், என் பையனை ட்சுகுபால அரசு தொடக்கப்பள்ளிலதான் படிக்க வச்சேன். கண்டிப்பா சேருங்க. வெளிநாட்டு குழந்தைங்களை சேக்கணும்னு சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா நாம கேட்டா சேத்துப்பாங்க, பீஸ் கிடையாது, பாடப்புத்தகம் இலவசம். வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்கும், நடுவுல வந்தாலும் சேக்கலாம், வயசை வச்சு கிளாஸ் போடுவாங்க, ஊர்ல என்ன படிச்சான்னு பாத்து இறக்க மாட்டாங்க. மொழி தெரியாம குழந்தை எப்படி உக்காரும்னு பயமா இருக்கும், எனக்கும் வயித்தைக் கலக்கிக்கிட்டேதான் இருந்துச்சு, ஜப்பானிய மொழிக்கு தனியா உதவி பண்ற ஆள் இருக்குற ஸ்கூல் எதுன்னு முனிசிபல் ஆபீஸ்ல கல்விப் பிரிவுல முதல்லயே கேளுங்க. எல்லா ஸ்கூல்லயும் ஒரே மாதிரி இருக்காது. இந்த ஊர்ல 10,000 பேருக்கு மேல வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க, அதனால டீச்சர்ங்களுக்கு இது புதுசில்ல.

உங்க பொண்ணுக்கு முதல் நாளே ஆச்சரியமா இருக்கப் போறது என்னன்னா மதிய சாப்பாடு. வெள்ளை கோட்டும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு குழந்தைங்களே பெரிய பாத்திரத்தை வகுப்புக்குத் தூக்கிட்டு வந்து, ஒருத்தர் சூப் ஊத்த ஒருத்தர் சோறு வைக்க எல்லாருக்கும் பரிமாறிட்டு, டீச்சரும் கூடவே உக்காந்து அதையே சாப்பிடுவாங்க. தினமும் சுத்தம் பண்ற நேரம்னு ஒண்ணு, வகுப்பு, படிக்கட்டு, கழிப்பறை கூட குழந்தைங்க துடைப்பாங்க, துடைக்கிற துணி வீட்டுல இருந்து தைச்சோ வாங்கியோ குடுத்து விடணும். எங்க அம்மா போன்ல கேட்டுட்டு, பிள்ளையை கழிப்பறை கழுவவா அனுப்புறேன்னு ஒரு வாரம் பேசல என்கூட. எனக்கு அப்படித் தோணல. ஊர்ல யார் கழுவுறாங்க, ஏன் அவங்க மட்டும் கழுவுறாங்கன்னு நமக்கு நல்லா தெரியும். என் பையன் தான் உபயோகிக்கிற இடத்தைத் தானே துடைக்கிறான், எல்லா வீட்டுப் பிள்ளையும் அவன் கூட துடைக்குது, இதை விட நல்ல பாடம் அந்த ஸ்கூல்ல வேற எதுவும் அவன் கத்துக்கலன்னு நான் தைரியமா சொல்லுவேன். தாமரைக்கண்மாய் சார் சொன்ன குப்பை வலை மடிக்கிற ஆளுங்க எல்லாம் இங்க இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

சாப்பாட்டுல இறைச்சி மீன் எல்லாம் இருக்கும், சைவம்னு தனியா பண்ண மாட்டாங்க. பொண்ணும் சைவமா இருந்தா முதல் சந்திப்புலயே சொல்லிட்டு டப்பா கட்டிக் குடுக்க அனுமதி கேளுங்க, எங்க ஸ்கூல்ல ஒத்துக்கிட்டாங்க, மாச மெனுவை முன்னாடியே குடுத்துடுவாங்க, அன்னைக்கு என்ன போடுறாங்களோ அதே மாதிரி தெரியுற ஒண்ணை கட்டி விட்டா குழந்தைக்கு தனியா இருக்குற மாதிரி இருக்காது. இங்க பசங்க முதுகுல மாட்டிட்டுப் போற பெரிய தோல் ஸ்கூல் பை விலை ரொம்ப ஜாஸ்தி, ஒரு வருஷத்துக்கு வாங்க வேண்டாம், சாதாரண பை போதும்னு சொல்லிடுவாங்க. உள்ள போடுற ஷூ தனியா வாங்கணும், நிலநடுக்கத்துக்கு தலைல போட்டுக்குற பஞ்சு முக்காடு கேப்பாங்க. உடம்புக்கு முடியலைன்னா இன்சூரன்ஸ்ல நம்ம பங்கு 30 சதவீதம், குழந்தைங்களுக்கு இபராகி மாகாணத்துல தனியா ஒரு உதவி அட்டை உண்டு, விலாசம் பதியும்போதே அதையும் கேட்டு வாங்கிடுங்க, யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க.

--------

கிழக்குவாசல்87 எழுதியது:

மேல எழுதினதெல்லாம் உண்மைதான், ஆனா இன்னொரு பக்கமும் சொல்லணும், புதுசா வர்றவர் தெரிஞ்சுக்கட்டும். அவருக்கு நிலையமே வீடு பாத்துக் குடுத்துருக்கு. அது இல்லாம நீங்களா வீடு தேடிப் பாருங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு கிடையாதுன்னு நேராவே சொல்லுவாங்க. 2017ல நீதி அமைச்சகம் வெளியிட்ட சர்வேலயே, வீடு தேடின வெளிநாட்டுக்காரங்கள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர்ங்குற காரணத்தால மறுக்கப்பட்டோம்னு சொல்லியிருக்காங்க. எனக்கும் நடந்திருக்கு. ஆறு மாசம் ஆகாம பேங்க் அக்கவுண்ட் கிடைக்கிறது கஷ்டம், போன் நம்பர் இல்லாம அக்கவுண்ட் இல்ல, அக்கவுண்ட் இல்லாம போன் இல்லன்னு அலைய விடுவாங்க. ரெசிடென்ஸ் கார்டை எப்பவும் கைல வச்சிருக்கணும், ரோட்டுல போலீஸ் நிறுத்திக் கேப்பாங்க, நம்ம நிறத்துக்கு கொஞ்சம் அதிகமாவே கேப்பாங்க. ஆராய்ச்சியாளரா வர்றவங்களுக்கு செக்ரெட்டரி, வழிகாட்டி எல்லாம் இருக்கு, தொழிற்சாலைக்கு வர்ற வியட்நாம் நேபாளம் பசங்களுக்கு அது எதுவும் இல்ல. அந்த 10,000 பேர்ல எல்லாரோட முதல் அனுபவமும் மஞ்சள் தொப்பி குழந்தைங்க கிடையாது.

--------

தாமரைக்கண்மாய் எழுதியது:

கிழக்குவாசல் சொன்னதுல ஒரு வரி கூட தப்பில்ல. வீடு விஷயத்துல எனக்கும் அதே கதைதான், லேப் தலைவர் உத்தரவாதக் கையெழுத்து போட்ட பிறகுதான் சாவி கிடைச்சுது. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன், வீடு குடுக்க மறுத்த அதே பகுதில, ஜிசிகாய்ல ஆள் இல்லாம தவிக்கிறாங்க. எல்லாம் எழுபது எண்பது வயசு, இளைய ஜப்பான் குடும்பங்களே சேர மாட்டேங்குறாங்க, சந்தா எதுக்கு, ஞாயித்துக்கிழமை எதுக்கு புல் வெட்டணும்னு கேக்குறாங்க, அவங்க கேக்குறதும் நியாயம்தான், ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. இன்னும் கொஞ்ச வருஷத்துல அந்த வலையை மடிக்க யாரும் இருக்க மாட்டாங்கன்னு எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு. என்னால யாருக்கும் தேவை இல்லன்னு தம்பி எழுதினதுக்கு இதுதான் என் பதில். தேவை இருக்கு. கேக்க கூச்சப்படுறாங்க.

--------

ட்ரான்ஸ்பார்மர்_தாத்தா எழுதியது:

மிக்ஸி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. இங்க 100 வோல்ட். ட்சுகுபா 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890கள்ல டோக்கியோ ஜெர்மனில இருந்தும் ஒசாகா அமெரிக்கால இருந்தும் ஜெனரேட்டர் வாங்கினதால வந்த வினை, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு சேக்க முடியல. ஊர் மிக்ஸி 230 வோல்ட், நேரா சொருகினா சரியா சுத்தாது. ஸ்டெப் அப் ட்ரான்ஸ்பார்மர் வேணும், 750 வாட்ஸ் மிக்ஸின்னா கிளம்பும்போது இழுக்குற கரண்டையும் சேத்து 1500 விஏ பாருங்க, செம வெயிட்டு, இங்கயே வாங்குங்க, தரைலயே வைங்க, நிலநடுக்கத்துல மேசைல இருந்து விழுந்தா காலு போயிடும். அமெரிக்காவுக்குன்னு பண்ற 110 வோல்ட் மிக்ஸி கிடைச்சா அதுதான் சுலபம், அது யுனிவர்சல் மோட்டார், 50 ஹெர்ட்ஸ் பத்தி கவலைப்படாது, கொஞ்சம் மெதுவா அரைக்கும். வெட் கிரைண்டர் வேற கதை, அதுல இண்டக்ஷன் மோட்டார், 60 ஹெர்ட்ஸுக்கு பண்ணினது இங்க வேகம் குறையும், சூடாகும், மாவை கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு தடவையா போட்டு அரைங்க.

வீட்டுக்கு மொத்தமே பெரும்பாலும் 30 ஆம்பியர்தான் குடுத்திருப்பாங்க, மைக்ரோவேவ், ஹீட்டர், கெட்டில் மூணையும் ஒண்ணா போட்டா பட்டுன்னு பிரேக்கர் விழும். அலுமினியம் குக்கர் ஐஎச் அடுப்புல, அதான் இண்டக்ஷன் ஸ்டவ்ல, வேலை செய்யாது, காந்தம் ஒட்டுற அடி உள்ள ஸ்டீல் குக்கர் கொண்டு வரச் சொல்லுங்க. கேஸ் அடுப்புன்னா, பெரிய ஆட்டம் வந்தா மீட்டர் தானா அணைஞ்சுடும், கேஸ் போச்சேன்னு பதறாதீங்க, மீட்டர்ல ஒரு பட்டன் இருக்கும், கசிவு வாசம் இல்லன்னு பாத்துட்டு அதை அழுத்திட்டு கொஞ்ச நேரம் விட்டா திரும்ப வரும், எப்படின்னு இப்பவே வீட்டு ஏஜென்ட் கிட்ட கத்துக்கோங்க. குளிர்காலத்துல வீட்டுக்குள்ளயே ஐஸா இருக்கும், ட்சுகுபா மலைல இருந்து காய்ஞ்ச காத்து அடிக்கும், ஜன்னல் ஒத்தைக் கண்ணாடி, ஒரு ரூம்ல மட்டும் ஹீட்டர் போட்டு உக்காந்துருப்பாங்க. குடும்பத்துக்கு உல்லன் உள்ளாடை ஊர்லயே வாங்கிடச் சொல்ல வேண்டாம், இங்க நல்லதா சல்லிசா கிடைக்கும். அப்புறம் ரொம்ப முக்கியமானது, விமான போர்டிங் பாஸ் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பயணச் செலவு திரும்ப வாங்கணும்னா நிறைய இடத்துல அக்கவுண்ட்ஸ்ல அதைக் கேப்பாங்க.

--------

மின்வேதி_காரைக்குடி எழுதியது:

இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போர்டிங் பாஸ் பத்திரமா இருக்கு தாத்தா. வீட்டுக்காரங்களுக்கு மாசி விஷயத்தைப் படிச்சுக் காட்டினேன், பருப்பும் தோபும் போதும்னு சொல்லிட்டாங்க, கோயில் சாப்பாடு எங்க கிடைக்கும்னு இப்பவே தேட ஆரம்பிச்சாச்சு. ஆவாரம்பூ அம்மா எழுதினதை நானும் அவங்களும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டோம், அரசு ஸ்கூல்னு முடிவு பண்ணிட்டோம். கிழக்குவாசல் நீங்க சொன்னது மனசுல நிக்குது, எனக்கு கிடைச்ச வழியை வச்சு எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைக்கக் கூடாது.

தாமரைக்கண்மாய் அண்ணா, செக்ரெட்டரி அம்மா கிட்ட கேட்டேன், அவங்க போன் பண்ணி விசாரிச்சாங்க, எங்க பகுதி தலைவர் வீடு ரெண்டு தெரு தள்ளிதான். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல வாய்க்கால் ஓரம் புல் வெட்டுறாங்களாம், வரலாம்னு சொல்லிட்டாங்க. நான் என்ன எடுத்துட்டுப் போகணும், எவ்ளோ நேரம் ஆகும், மொழி தெரியாதவன் போய் நின்னா அவங்களுக்கு சங்கடமா இருக்காதே?

--------

தாமரைக்கண்மாய் எழுதியது:

சங்கடம் எல்லாம் இல்ல, புல்லு வெட்ட என்ன மொழி வேணும். முழுக்கை சட்டை, தொப்பி, கழுத்துல ஒரு துண்டு, ரப்பர் பூட்ஸ் இருந்தா நல்லது. கையுறை நூறு யென் கடைல வாங்கிக்கோங்க, அரிவாள் அவங்க குடுப்பாங்க, மெஷின் புல்வெட்டியை மட்டும் நீங்களா எடுக்காதீங்க. சொன்ன நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடியே போயிடுங்க, எட்டுன்னா ஏழு அம்பதுக்கே எல்லாரும் ஆரம்பிச்சிருப்பாங்க. ஒரு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம்தான். முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு பாட்டில் டீ குடுப்பாங்க, வேணாம்னு சொல்லிட்டு கிளம்பிடாதீங்க, வாங்கி அங்கயே நின்னு குடிங்க, அப்பதான் எந்த ஊர், என்ன வேலை, குழந்தை எத்தனைன்னு கேக்க ஆரம்பிப்பாங்க. பொண்ணு போட்டோ போன்ல வச்சுக்கோங்க.